குரல் பெரிது

அவர் இரும்பு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்து சின்ன அறையின் கதவுக்குக் குறுக்கே வைத்தார். இழுக்கவில்லை, இழுத்தால் தரையில் கிறீச்சிடும் என்று அவருக்குப் பாடம் நடந்திருந்தது. வைத்த கையோடு அதன்மேல் உட்கார்ந்து, இரண்டு கால்களையும் அகட்டி ஊன்றிக்கொண்டார்.

வாசலில் ஆஸ்பத்திரி வண்டி நின்றது. நான்கு பேர் அவருடைய மனைவியை இறக்கிக்கொண்டிருந்தார்கள். புருஷன் என்று ஒருவர் இருந்தால் அந்த நேரத்தில் வாசலில்தான் நிற்க வேண்டும். தெருவே அதைத்தான் எதிர்பார்த்தது. அவரோ வண்டி நின்றதும் முதல் ஆளாக இறங்கி நேரே சமையலறைக்குப் போனார். வேகவைத்த மீன் இருந்த டப்பாவைத் திறந்து, தகரத் தட்டில் கொஞ்சம் எடுத்து வைத்தார். சின்ன அறையின் கதவை ஒரு சாண் திறந்து, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, கையை மட்டும் உள்ளே விட்டுத் தட்டைத் தள்ளினார். கதவை மூடினார். பிறகுதான் ஸ்டூல்.

"அப்பா! எழுந்திரிங்க! கூடத்துச் சோபாவை இந்த ரூம்ல போடணும்! அம்மாவை வைக்க இடம் வேணும்!"

மகன் கத்தினான். கோபத்தில் அல்ல. அந்த வீட்டில் அப்பாவிடம் பேசுவது என்றாலே கத்துவதுதான். தகடு அடிக்கும் தொழிற்சாலையில் பவர் பிரஸ்ஸுக்குப் பக்கத்தில் முப்பத்தாறு வருஷம் நின்றவர் அவர். காது முக்கால்வாசி போய்விட்டது. காது போனவர்களுக்குக் குரல் பெருத்துவிடும்; பேசுவது தனக்காவது கேட்க வேண்டுமே. அவர் கூடத்தில் உட்கார்ந்து காபி கேட்டால் எதிர் வீட்டில் அடுப்பைப் பற்ற வைப்பார்கள் என்று மனைவி சொல்லிச் சிரிப்பாள். தொழிற்சாலையில் அவருக்கு ‘ஸ்பீக்கர்’ என்றே பெயர்.

அவர் வலது கையின் இரண்டு விரல்களைத் தன் தொண்டையில் வைத்துக்கொண்டார். ஏதோ சொன்னார்.

"என்ன?" என்றான் மகன்.

பிறந்து முப்பத்து மூன்று வருஷத்தில் அப்பா சொன்னது அவன் காதில் விழாமல் போனது அதுதான் முதல் தடவை. குனிந்தான்.

"கத்தாதேன்னு சொன்னேன். உள்ளே பயப்படும்."

அவர் தலைக்கு மேலே, கதவில், ஒரு தாள் ஒட்டியிருந்தது. அவளுடைய உருண்டையான எழுத்து. ‘கதவைத் திறக்கக் கூடாது. உங்களுக்கும் சேர்த்துத்தான்.’ மகன் அதை ஒரு முறை படித்தான். அப்பாவின் முகத்தைப் பார்த்தான். உதடு மட்டும் அசைய, "அப்போ சோபா?" என்று கேட்டான்.

"தெருவில போடு."

சோபா தெருவுக்குப் போனது.

உள்ளே இருந்தவை இரண்டு பூனைகள். அவற்றைக் காப்பாற்றத்தான் அவர் இப்படி மலைபோல் உட்கார்ந்திருந்தார் என்றால், ஒரு உண்மையையும் சொல்லியாக வேண்டும். அந்தப் பூனைகளை அவர் இன்றுவரை முழுசாகப் பார்த்ததில்லை. ஒரு முறை கதவிடுக்கில் ஒரு வால்நுனி தெரிந்தது. சாம்பல் நிறம். அவ்வளவுதான் அவருக்கும் அவற்றுக்கும் உள்ள பழக்கம்.

ஐந்து வாரத்துக்கு முன்னால் அவள் பிராணிகள் காப்பகத்திலிருந்து அவற்றை அழைத்து வந்தாள். அறுபத்தாறு வயதில், இதயத்தில் வால்வு மாற்றிய உடம்போடு. வேண்டாம் என்று மகன் போனில் சொன்னான். வேண்டவே வேண்டாம் என்று அவளுடைய தம்பி நேரில் வந்து சொன்னார். அவள் யார் சொல்லையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. குழந்தைகள் வார்டில் முப்பது வருஷம் நர்ஸாக இருந்தவள்; பெரிய டாக்டர்களையே வாசலில் நிறுத்தி, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரச் சொன்னவள். தம்பியா ஒரு பொருட்டு?

"ரெண்டு வீட்டுக்குப் போய் ரெண்டு தடவையும் திரும்பி வந்திருக்குங்க" என்று அவரிடம் சொன்னாள். "ஏன் திருப்பினாங்கன்னு கேட்டேன். எப்பப் பார்த்தாலும் ஒளிஞ்சுக்குதாம், வந்தவங்களுக்குக் காட்ட முடியலையாம். காட்டறதுக்கு அது என்ன டிவியா? மூணாவது தடவை திரும்பிப் போகாது. அதுக்கு நான் பொறுப்பு."

அவளுடைய வைத்தியமெல்லாம் வார்டிலிருந்து வந்தது. முதலில் ஒரே ஒரு அறை. வீடு முழுதும் காட்டிப் பயமுறுத்தக் கூடாது. ஒளிந்துகொள்ள இடம் கொடுக்க வேண்டும், ஆகவே கட்டிலுக்கு அடியில் இரண்டு அட்டைப்பெட்டிகள். காலை ஆறு, மாலை ஆறு, மணி தவறாமல் சாப்பாடு. தட்டை வைத்துவிட்டு அவள் தரையில், கட்டிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். தன் பாட்டுக்கு ஏதாவது பேசுவாள். திரும்பிப் பார்க்க மாட்டாள்.

"ஊசியோட நேரா போனா எந்தக் குழந்தையும் கட்டிலுக்கு அடியிலதான் போகும். நான் போக மாட்டேன். பக்கத்துக் கட்டில்ல உட்கார்ந்து பஞ்சு உருட்டிக்கிட்டு இருப்பேன். என்ன பண்றா இவள்னு அதுவா வந்து எட்டிப் பார்க்கும். வரணும்னா அதுவா வரணும்."

நான்காம் நாள் அவர் உதவி செய்யப் புகுந்தார். அவள் குளித்துக்கொண்டிருந்தாள், மணி ஆறாகிவிட்டது. தட்டைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய், ரகசியம் பேசுவதாக நினைத்துக்கொண்டு, "என்னம்மா, பசிக்குதா?" என்று கேட்டார். தெருமுனையில் நின்றவன் திரும்பிப் பார்த்தானாம். பூனைகள் இரண்டும் அவர் கண்ணில் படுமுன்பே பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் போய்ச் செருகிக்கொண்டன. ஒன்றரை நாள் வெளியே வரவில்லை. அந்த ஒன்றரை நாளும் அவள் அவரோடு பேசவில்லை. பூனைகள் வெளியே வந்த பிறகுதான் அவளும் வழிக்கு வந்தாள். அன்று கதவில் ஏறியதுதான் அந்தத் தாள்.

"நான் மெதுவாத்தான் பேசினேன்" என்றார் அவர், பாவமாக.

"அது உங்க மெதுவா. உங்களுக்கே கேட்காத வரைக்கும் பேசணும்."

"கேட்கலைன்னா, பேசறேனா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

நியாயமான கேள்விதான். காதில் மாட்டும் கருவி ஒன்று மேஜை இழுப்பறைக்குள் கிடந்தது. மாட்டினால் அது விசிலடிக்கும், அது பூனைக்கு இன்னும் ஆகாது. அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு அவருடைய வலது கையைப் பிடித்து, இரண்டு விரல்களைத் தன் தொண்டையில் வைத்து அழுத்திக்கொண்டாள். பேசினாள். என்ன பேசினாள் என்று அவருக்குக் கேட்கவில்லை. விரல் நுனியில் ஒரு மெல்லிய அதிர்வு வந்தது.

"இந்த அளவு," என்று உதட்டை நன்றாக அசைத்துச் சொன்னாள். "இப்போ உங்க தொண்டையில கை வைங்க. அதே அளவு வரணும். ஒரு நூல் கூடப் போகக் கூடாது."

பிரஸ்காரருக்கு இது புரிந்தது. இயந்திரத்தின் உடம்பில் உள்ளங்கையை வைத்தே எந்தப் பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொன்னவர் அவர். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் கொல்லைப்பக்கத்தில் பயிற்சி. ஒரு கை அவள் தொண்டையில், ஒரு கை தன் தொண்டையில். கல்யாணமாகி முப்பத்தைந்து வருஷத்துக்குப் பிறகு இந்தக் கூத்து. பக்கத்து வீட்டு மாடியிலிருந்து யாராவது பார்த்தால் அவருக்கு வெட்கமாக இருக்கும். அவள் விடமாட்டாள். "அதிகம். இன்னும் குறைங்க. இன்னும். ம்... இப்போ சரி. இதை மறக்காதீங்க."

நேற்று மாலை ஆறு மணி சாப்பாடு கொடுத்துவிட்டு அறையை விட்டு வெளியே வந்தவள், மூச்சு அடைக்கிறது என்றாள். விடியும்போது எல்லாம் முடிந்துவிட்டது. நடுவில் ஒரு முறை, முகத்தில் ஆக்ஸிஜன் மாஸ்க்கோடு, அவர் கையைத் தேடிப் பிடித்தாள். இரண்டு விரல்களைத் தன் தொண்டைக்குக் கொண்டுபோனாள். ஏதோ சொன்னாள். மாஸ்க் மறைத்ததால் உதடு தெரியவில்லை. என்ன சொன்னாள் என்று அவருக்குத் தெரியாது. எவ்வளவு மெதுவாகச் சொன்னாள் என்று மட்டும் தெரியும். பணியிலிருந்த நர்ஸிடம் கேட்கலாம் என்று திரும்பினார். அந்தப் பெண் அப்போதுதான் வேறு கட்டிலுக்குப் போயிருந்தாள்.

பத்தரை மணிக்குக் கூட்டம் சேர்ந்துவிட்டது. கூடத்தின் நடுவில் அவள் படுத்திருந்தாள். வந்தவர்கள் அவளைப் பார்த்துவிட்டு, கணவரைத் தேடி, கடைசியில் சின்ன அறை வாசலில் ஸ்டூலில் கண்டுபிடித்தார்கள். ஒவ்வொருவரும் வாயைத் திறந்து உரக்கத் துக்கம் விசாரிக்கப் போனார்கள். அவர் ஒரு கையால் தடுத்தார். மறு கையின் இரண்டு விரல்கள் தொண்டையில் இருந்தன. வாய் அசைந்தது; ஒன்றும் கேட்கவில்லை.

"ஐயோ பாவம், துக்கம் தொண்டையை அடைச்சிடுச்சு" என்றாள் எதிர் வீட்டுக்காரி, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு. "எப்பேர்ப்பட்ட குரல்!"

அது கூடம் முழுதும் பரவிவிட்டது. ஸ்பீக்கருக்குக் குரல் போய்விட்டது என்றதும் எல்லோருக்கும் தங்கள் குரலும் தானாக இறங்கிவிட்டது. மூக்குறிஞ்சும் சத்தம் தவிர வேறொன்றும் இல்லாமல் ஒரு சாவு வீடு நடந்தது. அவருக்கு அது தெரிந்தது. உதடுகள் சிறுசாக அசைவதைப் பார்த்தே தெரிந்தது. தப்பாகத்தான் நினைத்திருக்கிறார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும் என்று திருத்தாமல் விட்டுவிட்டார்.

பழைய ஃபிட்டர் ஒருவர் மட்டும் இந்த ஏற்பாடு தெரியாமல் உள்ளே வந்து, தொழிற்சாலைப் பழக்கத்தில், "ஸ்பீக்கர் அண்ணே!" என்று ஆரம்பித்தார். இவர் சட்டைப்பையிலிருந்து பென்சிலையும் ஒரு பழைய ரசீதையும் எடுத்து நீட்டினார். எழுது என்று சைகை காட்டினார். ஃபிட்டர் திகைத்துப்போய், கொஞ்சம் யோசித்து, ‘அண்ணி ரொம்ப நல்லவங்க’ என்று எழுதிக் கொடுத்தார். இவர் படித்துவிட்டு, அதன் கீழே ‘ஆமாம். பிடிவாதக்காரி’ என்று எழுதித் திருப்பிக் கொடுத்தார்.

பன்னிரண்டு மணிவாக்கில் மகனும் மைத்துனரும் சேர்ந்து வந்தார்கள். சேர்ந்து வரும்போதே ஏதோ முடிவு செய்துகொண்டு வருகிறார்கள் என்று நடையில் தெரிந்தது. மகன் அவர் காதருகில் குனிந்தான்.

"அப்பா, நாளைக்கே எங்ககூட வந்துடுங்க. இங்கே தனியா எப்படி இருப்பீங்க? எங்க குடியிருப்புல பூனை நாய் எதுவும் விடமாட்டாங்க. அதனால..."

"அதனால?"

"காப்பகத்துக்குப் போன் பண்ணிட்டோம் அத்தான்" என்றார் மைத்துனர். அவர் நிலம், வீடு வாங்கி விற்கிறவர். எந்தப் பேச்சையும் முடித்துக் கையெழுத்து வாங்கும் குரலில்தான் தொடங்குவார். "ரெண்டு மணிக்கு வந்து எடுத்துட்டுப் போறாங்க. அக்கா இருந்தவரைக்கும் சரி. இனிமே அதுங்களை யாரு பார்ப்பா?"

அவர் விரலைத் தொண்டையில் வைத்தார். "நான்."

"நீங்களா? உங்களைக் கண்டா அதுங்களுக்கு ஆகவே ஆகாதுன்னு அக்காவே என்கிட்ட சொல்லிச் சிரிச்சாங்களே!"

உண்மை அதுதான். அவர் காலை இன்னும் கொஞ்சம் அகட்டி ஊன்றிக்கொண்டார்.

காப்பகத்துப் பெண் சரியாக இரண்டு மணிக்கு வந்தாள். முப்பது வயதிருக்கும், கையெல்லாம் பழைய கீறல் தழும்புகள். இரண்டு கூண்டுகளை வாசலிலேயே வைத்துவிட்டு, கூடத்தில் படுத்திருந்தவளிடம் போய்க் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு ஸ்டூலுக்கு வந்தாள். நிற்கவில்லை, அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்துகொண்டாள், முகம் கொஞ்சம் பக்கவாட்டில் திரும்பியிருக்க. அந்த உட்காரும் விதம் அவருக்குத் தெரிந்த விதம். மனைவியும் அப்படித்தான் உட்காருவாள்.

"உங்க மகன்தான் கூப்பிட்டார்" என்று உதட்டை நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். "நீங்க கூப்பிடலைன்னு இப்போதான் தெரியுது."

"நான் கூப்பிடலை."

"காலையில சாப்பிட்டுதுங்களா?"

அவர் எழுந்து வழிவிட்டார். அவள் கதவை ஒரு விரற்கடை திறந்து பார்த்துவிட்டு மூடினாள். தட்டில் வைத்தது வைத்தபடியே இருந்தது.

"நேத்து ஆறு மணிக்கு அப்புறம் ஒண்ணும் சாப்பிடலை. இந்த மாதிரிப் பூனை ரெண்டு நாள் பட்டினி கிடந்தா ஈரல் கெட்டுப்போகும். ஆளைக் காணோம், வீட்டில கூட்டம். பயந்துபோய்க் கிடக்குதுங்க." அவள் கைப்பையிலிருந்து ஒரு உறையை எடுத்தாள். "போன வாரம் நான் பார்க்க வந்தப்போ ஒரு படிவம் நிரப்பச் சொன்னேன். வளர்க்கறவங்களால முடியாத நிலை வந்தா யார் பொறுப்புன்னு அதில ஒரு கட்டம் இருக்கு. பெரும்பாலும் யாரும் நிரப்ப மாட்டாங்க. அம்மா நிரப்பினாங்க."

தாளை அவர் மடியில் வைத்தாள். அவர் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டார். அதே உருண்டை எழுத்து. கட்டத்துக்குள் அடங்காமல் கீழே வழிந்திருந்தது.

‘கணவர். காது கேட்காது. குரல் பெரிது. பழக்கிக்கொண்டிருக்கிறேன். நல்ல முன்னேற்றம்.’

அவர் அதை மூன்று முறை படித்தார். வார்டில் குழந்தைகளின் அட்டையில் எழுதுகிற மாதிரியே எழுதியிருக்கிறாள். கோபம் வந்தது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று வந்தது. பூனைகளுக்காக என்னைப் பழக்குகிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தோமே, தான் இல்லாத நாளுக்காக என்று நமக்குத் தோன்றவே இல்லையே என்று வந்தது. கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் வெகு நேரம் துடைத்தார்.

"அத்தான் பேச்சை விடுங்கம்மா," என்று மைத்துனர் இடையில் புகுந்தார். "இன்னிக்கு அவர் இருக்கற நிலைமையில..."

காப்பகத்துப் பெண் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. "படிவத்தில இவர் பேருதான் இருக்கு சார். முடிவு பண்ண வேண்டியது இவரும் நானும்தான்." பிறகு இவரிடம்: "ஐயா, உங்க மேல இரக்கப்பட்டு விட்டுட்டுப் போக மாட்டேன். இன்னிக்கு ஆறு மணிக்கு நீங்க உள்ளே இருக்கணும். நீங்க இருக்கும்போது ஒண்ணாவது சாப்பிடணும். சாப்பிடலைன்னா நாளைக்குக் காலையில நான் வந்து எடுத்துட்டுப் போயிடுவேன். உங்களுக்காக இல்லை, அதுங்களுக்காக. சரியா?"

"சரி."

கறாரான பெண். மனைவிக்கு இவளைப் பிடித்துப்போயிருந்தது ஏன் என்று அவருக்குப் புரிந்தது.

மூன்று மணிக்கு அவளைக் கொண்டுபோகும் வண்டி வந்தது. இப்போதுதான் சிக்கல். அவர் எழுந்து போனால் கதவுக்கு யார்? போகாமல் இருந்தால் அவளோடு யார்? எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் ஸ்டூலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு எழாமல் இருந்தார். காப்பகத்துப் பெண் எழுந்து வந்து அவர் தோளைத் தொட்டாள்.

"நான் உட்கார்ந்திருக்கேன். நீங்க அவங்களைக் கொண்டுபோய் விட்டுட்டு வாங்க. நான் எழுந்திருக்க மாட்டேன்."

அவர் எழுந்தார். அவள் உட்கார்ந்தாள். அவர் அரைநிமிடம் நின்று, அவள் காலை அகட்டி ஊன்றிக்கொள்ளும்வரை பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தார்.

கூடத்தில் கடைசியாகப் பார்க்கிறவர்கள் பார்த்து முடித்திருந்தார்கள். அவர் மண்டியிட்டார். முழங்கால் ஒத்துழைக்கவில்லை, மகன் தாங்கிக்கொண்டான். அவர் அவள் முகத்தைத் தொடவில்லை. கையைப் பிடிக்கவில்லை. வலது கையின் இரண்டு விரல்களை அவள் தொண்டையில் வைத்தார். இடது கையின் இரண்டு விரல்களைத் தன் தொண்டையில் வைத்தார். உதடு அசைந்தது. அவர் ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறார் என்று பக்கத்தில் இருந்தவர்களுக்குத் தெரிந்தது. கேட்டது மகன் ஒருவனுக்குத்தான்.

"இந்த அளவு சரியா?" என்று அப்பா கேட்டுக்கொண்டிருந்தார். "சரியா? சொல்லு."

மகன் அவரை எழுப்பவில்லை. வண்டிக்காரர் இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்தார். கடைசியில் அவராகத்தான் எழுந்தார்.

ஊருக்கு வெளியே, மரங்களுக்கு நடுவில், எல்லாம் ஒரு மணி நேரத்தில் முடிந்தது. செருப்பில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டு எல்லோரும் வண்டிகளை நோக்கி நடக்கும்போது மைத்துனர் மறுபடியும் தொடங்கினார். மகனிடம்தான் பேசினார், ஆனால் கையெல்லாம் அத்தானைக் காட்டிக்கொண்டிருந்தது. உதட்டைப் படிக்க இவருக்கு ஒரு சிரமமும் இல்லை.

"அந்தப் பொண்ணு எழுந்து போனதும் கூண்டில போட்டு அனுப்பிடலாம். ரெண்டு நாள் கோபமா இருப்பார், அப்புறம் மறந்துடுவார். வீட்டைப் பூட்டிட்டு..."

அவர் நின்றார். சுற்றிலும் ஒரு முறை பார்த்தார். மரம், மண், வண்டி, மனிதர்கள். பயப்படக்கூடிய ஜீவன் எதுவும் கண்ணில் படவில்லை. தொண்டையிலிருந்த விரல்களை எடுத்தார்.

"போகாது!"

முப்பத்தாறு வருஷம் பிரஸ்ஸை ஜெயித்த குரல். காலையிலிருந்து விரலால் அழுத்தி வைத்திருந்த அத்தனையும் ஒரேயடியாக வெளியே வந்தது. மரத்திலிருந்து காக்கைகள் கிளம்பின. வண்டிக்காரர் கையிலிருந்த செல்போனைத் தவறவிட்டார். துக்கம் தொண்டையை அடைத்துவிட்டது என்று சொன்ன எதிர் வீட்டுக்காரி இரண்டடி பின்னால் போனாள்.

"என் வீட்டுலேர்ந்து இன்னிக்கு ஒரு உசுரு போயிருக்கு! அது போதும்! இனிமே ஒண்ணும் போகாது! பூனையும் போகாது, நானும் எங்கேயும் வரலை! மூணாவது தடவை திரும்பிப் போகாதுன்னு அவ சொல்லியிருக்கா! அவ சொன்னா சொன்னதுதான்! கேட்டுச்சா?"

எல்லோருக்கும் கேட்டது. அவருக்கு மூச்சு வாங்கியது. முகம் நனைந்திருந்தது, புறங்கையால் துடைத்துக்கொண்டு, யாருக்கும் காத்திராமல் போய் வண்டியின் முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். மைத்துனர் வேறு வண்டியில் வந்தார்.

வீட்டுக்கு வந்தபோது ஐந்தரை. காப்பகத்துப் பெண் ஸ்டூலில் அப்படியே இருந்தாள். கூடம் காலியாகியிருந்தது. அவர் கைகால் கழுவி, சட்டை மாற்றிக்கொண்டு வந்தபோது மகன் சமையலறை வாசலில் நின்றான். கையில் தகரத் தட்டு, புது மீன். அவன் கத்தவில்லை. அப்பாவின் கண்ணுக்கு நேரே வந்து, உதட்டை மட்டும் அசைத்தான்.

"சூடு பண்ணணுமா, இப்படியேவா?"

"லேசா. அவ கையால தொட்டுப் பார்த்து வைப்பா."

மகன் திரும்பிப் போய் லேசாகச் சூடு பண்ணி, விரலால் தொட்டுப் பார்த்துக் கொண்டுவந்தான்.

ஆறு மணிக்கு ஸ்டூல் நகர்ந்தது. அவர் கதவில் இருந்த தாளை ஒரு முறை பார்த்தார். உங்களுக்கும் சேர்த்துத்தான். திறந்துகொண்டு உள்ளே போனார்.

ஒரு கட்டில், ஒரு பீரோ, திரை போட்ட ஒரு ஜன்னல். தரையில் அவளுடைய பாய், நடுவில் உட்கார்ந்து உட்கார்ந்து தேய்ந்த இடத்தோடு. பாய்க்குப் பக்கத்தில் ஒரு நோட்டு, பென்சில். கட்டிலுக்கு அடியில் இருட்டு. அங்கே பார்க்கக் கூடாது என்று தெரியும், பார்க்கவில்லை. காலையில் வைத்த தட்டை எடுத்துவிட்டுப் புதுத் தட்டைக் கட்டில் காலுக்குப் பக்கத்தில் வைத்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு, முழங்காலை மனதுக்குள் திட்டிக்கொண்டு, பாயில் அவள் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தார். முதுகு கட்டிலைப் பார்த்திருந்தது.

நோட்டைத் திறந்தார். வார்டு அட்டையேதான். நாள், நேரம், சாப்பாட்டு அளவு, கடைசியில் ‘பயம்’ என்று ஒரு பத்தி. முதல் வாரம் முழுக்க அதில் நான்கு கூட்டல் குறி. பிறகு மூன்று. கடைசி வரி நேற்றையது. ‘நாள் 37. மாலை 6. பெரியவள் என் கையை மோந்தாள். சின்னவள் பெட்டிக்கு வெளியே தலை. பயம் ++.’ எழுத்தில் நடுக்கம் ஒன்றும் இல்லை. மூச்சு அடைக்கிறது என்று சொல்ல வெளியே வருவதற்குச் சற்றுமுன் எழுதியது.

விரல்களைத் தொண்டையில் வைத்தார். அளவு நினைவில் இருக்கிறதா என்று தேடினார். அதிகம், இன்னும் குறைங்க, இன்னும். சொல்ல இனி ஆளில்லை. விரலுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிகிற மாதிரி இருந்தது.

"நான்தான்" என்றார். "அன்னிக்குக் கத்தினவன்."

அவருக்குக் கேட்கவில்லை. அது நல்லதுதான்.

"காலையில சாப்பாடு லேட்டாயிடுச்சு. ஆஸ்பத்திரியில இருந்தோம். அவ இன்னிக்கு வரமாட்டா. நாளைக்கும் வரமாட்டா. உங்ககிட்ட யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க, அதான் சொல்றேன். இனிமே நான்தான். எனக்கும் இது புதுசு. அவகிட்ட முழுசாக் கத்துக்கறதுக்குள்ள..."

தொண்டை விரலுக்குக் கீழே தப்பாக அதிர்ந்தது. நிறுத்தினார். அது அடங்கும்வரை காத்திருந்தார். மறுபடி தொடங்கும்போது வேறு ஒன்றும் தோன்றாமல், பிரஸ்ஸில் அச்சை எப்படிப் பொருத்துவது என்று சொல்ல ஆரம்பித்தார். முதலில் மின்சாரத்தை நிறுத்த வேண்டும். அவசரப்படக் கூடாது. மேலச்சும் கீழச்சும் ஒன்றையொன்று தொடும்வரை சக்கரத்தைக் கையாலேயே மெல்லச் சுற்ற வேண்டும். கையால் சுற்றாமல் பட்டனைத் தட்டுகிறவனுக்கு விரல் மிஞ்சாது. அவர் முப்பத்தாறு வருஷமும் கையால்தான் சுற்றினார். பத்து விரலும் இருக்கிறது.

சொல்லிக்கொண்டே, பழைய பழக்கத்தில், இடது உள்ளங்கையைத் தரையில் விரித்து வைத்தார். சிமெண்டுத் தரை குளிர்ச்சியாக இருந்தது. ஒன்றும் இல்லை. ஜன்னல் திரையில் வெளிச்சம் ஒரு சாண் கீழே இறங்கியது. அச்சைப் பொருத்தி முடித்து, தகடு வைக்கிற இடத்துக்கு வந்திருந்தார். தரையில் ஒன்றும் இல்லை. கால் மரத்துக்கொண்டு வந்தது. கதவிடுக்கில் மகனின் கால் நிழல் தெரிந்தது, அதுவும் அசையவில்லை.

உள்ளங்கையில் மிக லேசாக ஒன்று தட்டியது.

அவர் பேச்சை நிறுத்தவில்லை. நிறுத்தினால் பயப்படும். தகட்டை இடது பக்கத்திலிருந்து வைக்க வேண்டும் என்று சொன்னார். மறுபடியும் தட்டியது. தகரத் தட்டு சிமெண்டுத் தரையில் நகர்கிற அதிர்வு. ஒரு நக அளவு நகர்ந்து, நின்று, மறுபடி நகர்ந்தது. முன்னால் நின்று நக்குகிற எதுவோ அதைத் தள்ளிக்கொண்டே வந்தது.

பெரியவளா சின்னவளா என்று தெரியவில்லை. திரும்பினால் தெரிந்துவிடும். வலது கையின் இரண்டு விரல்களும் தொண்டையிலேயே இருந்தன. தட்டு தரையில் ஊர்ந்து ஊர்ந்து வந்து அவர் இடுப்பருகில் முட்டி நிற்கும்வரை, பேச்சிலேயே பிரஸ்ஸில் ஒவ்வொரு தகடாக வைத்து, ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தார்.